உயிர்ப் பதிவேடு: தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரலாறு

மக்களுக்கு வேலை தேடித் தருவது அரசின் கடமைகளுள் ஒன்று என்னும் எண்ணம் இந்தியாவில் மிகப் பிந்தித் தோன்றியது. அதற்கு முன் நெடுங்காலம் நடந்து வந்தது அதன் மறுதலை, அதாவது வேலைக்கு ஆள் தேடித் தருவது. தமிழ் மாவட்டங்களில் அந்தப் பணியைச் செய்தவன் கங்காணி. தோட்டத்தில் தானும் ஒரு தொழிலாளியாக இருந்து, துரையிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பி, உறவினரையும் ஊராரையும் கடன்பட வைத்து இலங்கைக்கோ மலாயாவுக்கோ அழைத்துச் செல்பவனுக்கு அப்பெயர் வழங்கிற்று. கங்காணிகளின் வேலையை ஒழுங்குபடுத்த, இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தொழிலாளர் ஆணையத்தை நிறுவினர். மண்டபத்தில் கடல் கடப்போரைத் தங்க வைத்து உடல்நலம் சோதிக்கும் முகாம் இயங்கியது. மலாயாவிலோ, தமிழரைக் கொண்டுவரும் செலவுக்கென 1907இல் சட்டத்தின் வழியே ஒரு நிதியமே உருவாக்கப்பட்டது. அலுவலகம், பதிவேடு, மருத்துவர், பயணச்சீட்டு என்று பின்னாளில் ஒரு வேலைவாய்ப்புத் துறைக்குத் தேவைப்பட்ட உறுப்புகள் பலவும் இவ்வமைப்புகளில் ஏற்கெனவே இருந்தன; அவை யாருக்காக இயங்கின என்பதே வேறுபாடு.

நகரத்து ஆலைகளில் கங்காணியின் இடத்தில் மேஸ்திரி இருந்தான். பெரம்பூரின் பஞ்சாலைகளானாலும் பம்பாயின் ஆலைகளானாலும் காலையில் வாசலில் கூடி நிற்போருள் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியேற்றுவது என்பது பெரும்பாலும் மேஸ்திரியின் கையில் இருந்தது. அந்த அதிகாரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கையளித்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் இந்த முறையைக் கடுமையாகக் குறை கூறி, ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பறித்துத் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும், ஆலை வாசலிலேயே வேண்டிய ஆட்கள் கிடைக்கும்போது அரசே வேலை நிலையங்கள் நடத்துவதில் பயனில்லை என்பதே அவ்வாணையத்தின் கருத்தாக இருந்தது. கட்டணமில்லாத அரசு வேலை நிலையங்களை அமைக்கக் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு உடன்பாட்டை 1921இல் ஏற்றுக்கொண்ட இந்தியா, 1938இல் அதிலிருந்து விலகியும் கொண்டது. வாசலில் நிற்பவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு எப்படித் தோன்றும் என்று கேட்க அன்றைய ஆட்சியில் ஆளில்லை.

அரசின் மனத்தை மாற்றியது இரக்கமன்று, போர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது ஏறத்தாழ 2 லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, போர் முடிவதற்குள் 25 லட்சத்தை எட்டியது. படைக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கும் பிட்டர், டர்னர், வெல்டர் போன்ற கைத்திறன் பெற்றோர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். வாசலில் கூடிய கூட்டத்தில் அவர்கள் இல்லை. ஆகவே 1940இல் தொழில்நுட்பப் பணியாளர்களைக் கட்டாயமாகப் போர்ப் பணிக்கு அழைக்க ஓர் அவசரச் சட்டமும், புதியவர்களைப் பழக்க ஒரு தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும் கொண்டுவரப்பட்டன; 1941 முதல், பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் வழங்கிய திட்டத்தின்கீழ் இந்திய இளைஞர்கள் அந்நாட்டுக்கே அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். பயிற்சி பெற்றவரை உரிய இடத்தில் சேர்க்கச் சில நகரங்களில் தொழில்நுட்பப் பணியாளருக்கான வேலை நிலையங்களும் திறக்கப்பட்டன.

போர் முடியும் தறுவாயில் கேள்வி தலைகீழாயிற்று. ஆள் கிடைக்கவில்லை என்பதற்கு மாறாக, படையிலிருந்து திரும்பும் லட்சக்கணக்கானோரை என்ன செய்வது என்பது கவலையானது. 1945 ஜூலையில் மீள்குடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் இதற்கென நிறுவப்பட்டது. வேலை தேடித் தருவதும் தொழில் கற்றுத் தருவதும் இந்த ஒரே இயக்ககத்தின் இரு கைகளாக அமைந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது. நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தோர் அதன் பொறுப்பில் சேர்ந்தனர். 1948இன் தொடக்கத்தில் அதன் வாயில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. முன்னாள் படைவீரருக்கெனத் தற்காலிகமாகக் கட்டிய பாலம் ஒன்று, பெரிய விவாதம் எதுவுமின்றி, நாட்டின் நிரந்தரச் சாலையாகிவிட்டது.

இந்நிலையங்களின் ஆங்கிலப் பெயரில் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. பிரிட்டனில் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜின் கருத்தை ஏற்று, அப்போது வணிகத் துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் கொண்டுவந்த 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1910 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அமைப்புகளே இவற்றுக்கு முன்மாதிரி. பங்குகளுக்கும் பருத்திக்கும் இருப்பதுபோல உழைப்புக்கும் ஒரு மாற்றகம் வேண்டும், விற்பவரும் வாங்குபவரும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தால் வேலையின்மையில் ஒரு பகுதி தானே கரையும் என்பது பெவரிட்ஜின் வாதம். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அப்பெயர் தமிழுக்கு வந்தபோது ‘வேலைவாய்ப்பு அலுவலகம்’ ஆயிற்று. பேச்சு வழக்கிலும் ‘எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்’ என்றே வழங்கியது. சந்தை உதிர்ந்து அலுவலகம் மட்டும் நின்ற இந்தப் பெயர்ப்பு தற்செயலானதாக இருக்கலாம். ஆனால் அந்நிறுவனம் தமிழ்நாட்டில் பின்னர் என்னவாயிற்று என்பதை மூலப் பெயரைவிட அதுவே சரியாகச் சொல்கிறது.

நிறுவனத்தின் இந்திய வடிவம் உறுதிப்பட்டது 1950களில். 1952 நவம்பரில் அமைக்கப்பட்ட பயிற்சி, வேலைவாய்ப்புப் பணிகள் பற்றிய குழுவுக்குத் தலைவர் பி. சிவராவ், சென்னையின் தொழிற்சங்க இயக்கத்தில் அதன் தொடக்க காலத்திலேயே ஈடுபட்டவர், இதழாளர், அப்போது சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த தென் கன்னடத்திலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர். அவருடைய குழு 1954இல் அளித்த அறிக்கை, இப்பணியைத் தற்காலிக ஏற்பாடாகக் கருதாமல் நிரந்தரமாக்க வேண்டும் என்றும் அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் விட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதன்படி அலுவலகங்கள் மாநிலங்களின் கைக்கு மாறிய நாள் 1956 நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள் பிறந்ததும் அன்றேதான். நிதிப் பொறுப்பு முழுவதும் மாநிலங்களைச் சேர்ந்தது 1969 ஏப்ரலில்.

சட்டத்தின் துணை இதற்கிடையில் கிடைத்தது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறை நிறுவனங்கள் அனைத்தும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தம்மிடம் உள்ள காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. வேளாண் வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலை ஆகியன இதில் அடங்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் பிரிவில், அறிவித்த காரணத்தாலேயே அலுவலகம் அனுப்பும் ஆளை எடுத்துக்கொள்ள வேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. அறிவிக்கத் தவறினால் முதன்முறை தண்டம் 500 ரூபாய் வரை, மறுமுறை 1,000 ரூபாய் வரை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு நிறுவனத்துக்கு இந்தத் தொகை ஒரு நாள் தேநீர்ச் செலவைவிடக் குறைவாகிப் போனது. தனியார் நிறுவனங்களுக்கு இச்சட்டம் படிவம் நிரப்பும் கடமையாகச் சுருங்கிவிட, அலுவலகத்தின் உண்மையான வாடிக்கையாளராக அரசு ஒன்றே எஞ்சியது. மற்ற விளைவுகளெல்லாம் இதிலிருந்தே தொடங்கின.

அலுவலகத்துக்குள் நடந்த வேலையை நெருங்கிப் பார்க்க வேண்டும். பதிவுக்கு வருபவர் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றின் மூலங்களைக் காட்ட, எழுத்தர் அவற்றைச் சரிபார்த்து ‘எக்ஸ்-1’ எனப்படும் குறிப்பட்டையில் விவரங்களைப் பதிவார். பதிந்தவரிடம் தரப்பட்ட சிறிய அடையாள அட்டைக்கு ‘எக்ஸ்-10’ என்று பெயர். குறிப்பட்டையின் தலையில் இடப்படும் எண், நாட்டின் தொழில்களையெல்லாம் வகைப்படுத்தி முதலில் 1958இல் வெளியிடப்பட்ட தேசியத் தொழில் வகைப்பாட்டைச் சேர்ந்தது. தட்டச்சருக்கு ஓர் எண், ஓட்டுநருக்கு ஓர் எண், இடைநிலை ஆசிரியருக்கு ஓர் எண் என்று நாட்டிலுள்ள பிழைப்புகள் அனைத்தும் அதில் இலக்கங்களாகிவிடும். எண்வாரியாகவும் தேதிவாரியாகவும் நீண்ட மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்ட இந்த அட்டைகளின் தொகுதியே ‘உயிர்ப் பதிவேடு’. இது ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்புதான் என்றாலும், தமிழில் அதற்கு மூலத்தில் இல்லாத ஒரு கனம் ஏறிவிட்டது; மூன்றாண்டுக்கு ஒருமுறை குறித்த மாதத்தில் புதுப்பிக்கத் தவறி, சலுகைக் காலமும் கழிந்தால் அட்டை அப்பெட்டியை விட்டு நீங்கும், மறுபடி பதிந்தால் புதிய தேதியே கிடைக்கும், அதுவரை காத்திருந்த ஆண்டுகள் அத்தனையும் இல்லாமற்போகும்.

ஏதேனும் ஒரு துறை, ஐந்து இளநிலை உதவியாளர் வேண்டும் என்று எழுதினால், ஓர் இடத்துக்கு ஐவர் என்ற கணக்கில், இனச் சுழற்சியின்படி, அதாவது இட ஒதுக்கீட்டுப் பிரிவுகள் மாறி மாறி இடம்பெறும் வரிசைப்படி, பதிவு மூப்புள்ளோரின் பெயர்கள் எடுக்கப்பட்டு அவர்களுக்கு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் அஞ்சலில் செல்லும். மக்கள் இதைக் ‘கார்டு வந்தது’ என்றனர். பதிவு மூப்பு என்பது பதிந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் முதுமை. அரசு வழக்கில் பிறந்து மக்கள் வழக்கில் வேரூன்றிய சொற்களுள் இதற்கு நிகரானவை மிகச் சிலவே. மூப்புக்கு மேல் முன்னுரிமை என்று ஒன்றும் இருந்தது: முன்னாள் படைவீரர், ஆதரவற்ற விதவையர், மாற்றுத்திறனாளிகள், கலப்புத் திருமணம் செய்தோர், அரசுத் திட்டங்களுக்கு நிலம் கொடுத்தோர், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோர் ஆகியோர் வரிசையில் முந்தினர். கங்காணி கடல்கடந்து கொண்டுசென்றவர்களின் பேரப்பிள்ளைகள், இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்களுக்கென ஒரு முன்னுரிமைப் பிரிவை இந்தப் பதிவேடு திறந்து வைத்திருந்தது.

இவ்வாறு, உழைப்பைத் திறனோடு பொருத்தும் சந்தையாகக் கருதப்பட்ட நிறுவனம் தமிழ்நாட்டில் ஒரு வரிசையாக மாறியது. இதைச் சீரழிவு என்று சொல்லிவிடுவது எளிது. பொருளியலார் பலரும் அவ்வாறே சொல்வர். ஆனால் தந்தையோ மாமனோ எந்த அலுவலகத்திலும் இல்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியிறுதி தாண்டிய ஒருவருக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்காமல் இடம் தந்த வரிசை இது ஒன்றே. மேஸ்திரியின் விருப்பத்துக்கு மாற்றாக ஒரு தேதி நின்றது. தேதிக்குச் சாதி தெரியாது, சாதியைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடத்தில் இனச் சுழற்சி எடுத்துக்கொண்டது. அந்த நியாயத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை காலம். பதிவு செய்தோர் தொகை ஏற, 2010களில் தமிழ்நாட்டின் உயிர்ப் பதிவேட்டில் இருந்தோர் 70 லட்சத்தைத் தாண்டினர். அரசு ஆண்டுதோறும் நிரப்பும் இடங்களோ அத்தொகையின் மிகச் சிறு பின்னம். இருபதாண்டு மூப்போடு நாற்பது வயதில் கார்டு பெற்றவர்கள் இருந்தார்கள்.

காத்திருப்பே ஒரு தகுதியானதற்குச் சான்றுகள் பல. பதிவு செய்து ஐந்தாண்டு முடிந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகை பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று மூன்றாண்டுகளுக்கு அமைந்தது. புதுப்பிக்கத் தவறியவர்களின் மூப்பை மீட்டுத் தரச் சிறப்புச் சலுகை அளிக்கும் அரசாணைகள் பலமுறை வெளியிடப்பட்டன; ஒரு தேதியை இழப்பது சொத்தை இழப்பதற்கு ஒப்பானது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இவற்றைக் கொள்ளலாம். தற்காலிக நியமனங்களுக்கு இடமளித்த பணி விதியின் எண், ‘பத்து ஏ ஒன்று’ என்று, வேலை தேடுவோர் வாயில் பழகிய சொல்லாகவே ஆகியது. அவ்விதியின்கீழ் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியே நுழைந்தவர்களை நிரந்தரமாக்குவது எப்படி என்பது நெடுங்காலம் தீராத வழக்காக நின்றது.

வரிசை உடைந்தது நீதிமன்றங்களிலும் தேர்வறைகளிலும். 1987இல் ஹர்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்புவோரை மட்டுமே அரசுத் துறைகள் பரிசீலிப்பது சம வாய்ப்புக்கு முரணன்று என்று கூறியிருந்தது. 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில், அலுவலகத்திடம் பெயர் கேட்பதோடு நாளிதழ்களிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் தகுதியுள்ள எல்லோரையும் கருத வேண்டும் என்று கூறியது. இரண்டாம் தீர்ப்புக்குப் பின் பதிவேட்டுக்கு வெளியே ஒரு கதவு நிலையாகத் திறந்தது. ஆசிரியர் நியமனம் கொஞ்ச காலம் எதிர்த்து நின்றது. 2006க்கும் 2011க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டதாரி ஆசிரியர்களும் பதிவு மூப்பின்படியே தெரிவு செய்யப்பட்டனர். கட்டாயக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்து, எழுதிய லட்சக்கணக்கானோரில் மிகச் சிலரே தேறியபோது, மூப்பை நம்பிப் பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருந்தவர்கள் தம் கையிலிருந்த அட்டை ஒரே நாளில் செல்லாக் காசானதாக உணர்ந்தனர். அவர்களுடைய போராட்டங்கள் அதன்பின் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன.

இயக்ககத்தின் மற்றொரு கையான பயிற்சியின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் எழுந்த அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், மக்கள் வழக்கில் ஐ.டி.ஐ.க்கள், கிண்டி, கோவை, மதுரை, திருச்சி என்று பரவின. பிட்டர் பிரிவில் சேர்ந்த சிறுவனுக்கு முதல் மாதங்களில் எந்திரம் எதுவும் தரப்படுவதில்லை. வைஸில் இறுக்கிய ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும் மட்டுமே. அந்தத் துண்டின் முகத்தை அரத்தால் தேய்த்து, மூலைமட்டத்தை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப் போகும் அந்தப் பயிற்சிக்குள் ஒரு சமூக மாற்றமும் நடந்தது. 1953இல் இராஜாஜியின் அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது, அது குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. அதே ஆண்டுகளில் வளர்ந்த ஐ.டி.ஐ.யோ, கொல்லர் வீட்டில் பிறக்காதவன் கையிலும் அரத்தைக் கொடுத்தது. பிறப்பால் வந்த தொழில் விண்ணப்பத்தால் வரும் தொழிலாயிற்று. குலக்கல்விச் சர்ச்சையைப் பற்றி எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

ஐ.டி.ஐ. முடித்தவரைத் தொழிற்சாலைக்குள் ஓராண்டு பழக்கும் பொறுப்பை 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் நிறுவனங்கள்மேல் சுமத்தியது. பெரம்பூரில் 1955இல் திறக்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலை முதலியவற்றில் இவ்வாறு பழகியோர் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ எனப்பட்டனர். பழக்கியவரையே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாயின் பழகுநருக்கு முன்னிடம் தர வேண்டும், அவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பரிந்துரை தேவையில்லை என்றது. ஒரே இயக்ககத்தின் இரு கைகளும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கி வந்ததை இந்தத் தீர்ப்பைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது: ஒன்று கற்றுக்கொடுத்தவனை மற்றொன்று வரிசையில் நிற்க வைத்திருந்தது.

2015இல் ஒன்றிய அரசில் அவ்விரு கைகளும் முறையாகவே பிரிக்கப்பட்டன. பயிற்சி புதிய திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குச் செல்ல, வேலைவாய்ப்பு தொழிலாளர் அமைச்சகத்தில் தங்கியது. அவ்வாண்டு ஜூலையில் தேசிய வேலைவாய்ப்புச் சேவை என்னும் இணையவழி அமைப்பும் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஒரே துறையாக நீடிக்கிறது. மாவட்ட அலுவலகங்கள் ‘வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று பெயர் மாறி, தன்னார்வப் பயிலும் வட்டங்கள் அமைத்து அரசுப் பணித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகின்றன, தனியார் நிறுவனங்களை அழைத்து முகாம்கள் நடத்துகின்றன. தனியார் வேலைகளுக்கென 2020இல் ஓர் இணையதளமும் வந்தது. ஐ.டி.ஐ.க்களில் 71ஐ, டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பில் எந்திர மனிதக் கைகளும் கணினிவழிக் கடைசல் எந்திரங்களும் கொண்ட கூடங்களாக மாற்றும் திட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்ப 1978இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனமும் இயங்குகிறது. அனுப்பும் பொறுப்பு கங்காணியின் மடியிலிருந்து அரசின் மேசைக்கு வர முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மரப்பெட்டிகள் போய்ப் பதிவு கணினிக்கு மாறிய பின்னும் வரிசை முற்றிலும் கலையவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வழங்கத் தொடங்கும் நாளிலிருந்து பதினைந்து நாள் பள்ளிகளிலேயே இணையவழியில் பதிவு செய்யப்படுகிறது. கூட்டத்தில் முந்திக்கொண்டவர் பயன்பெறாதிருக்க, அந்தப் பதினைந்து நாளுக்குள் எப்போது பதிந்தாலும் எல்லா மாணவருக்கும் ஒரே பதிவு மூப்புத் தேதிதான். மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் பாலிடெக்னிக்கில் சேரும் பிள்ளைக்கும் அந்த அச்சுத்தாள் எதற்கு உதவும் என்று சொல்லத் தெரியாத தலைமையாசிரியரும், பதியாமல் மட்டும் போய்விடாதே என்று சொல்லியனுப்புகிறார்.